ஒரு பேச்சுக்குச் சொன்னது

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

இனிப்பு ரொட்டி தருவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். மற்றபடி இந்த ஊர் விவகாரங்களில் தலையிடுகிற பழக்கம் எனக்கில்லை. வந்தோமா, படகு எஞ்சினைப் பார்த்தோமா, ஜூலையில் தூத்துக்குடிக்கு மூட்டையைக் கட்டினோமா என்று இருக்கிறவன் நான்.

பொந்தா நோவாவில் மொத்தமே அறுபத்தோரு வீடுகள். அசோரஸ் தீவுகளில் மேற்குக் கோடியில் கிடக்கிறது இந்தத் தீவு. எங்கள் பின்வாசலில் நின்று பார்த்தால் அமெரிக்கா வரைக்கும் வெறும் தண்ணீர்தான். ஊருக்கு நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு மண்டபம் இருக்கிறது. அதற்குள் தூய ஆவியின் வெள்ளிக் கிரீடம். ஈஸ்டரிலிருந்து பெந்தகோஸ்து வரை ஏழு வாரமும் அந்தக் கிரீடம் வாரம் ஒரு வீட்டில் தங்கும். அந்த வாரம் அந்த வீட்டுக் கதவைச் சாத்தக்கூடாது, மாலையில் ஊரே வந்து செபமாலை சொல்லும். ஏழாவது வீட்டுக்காரர் பெந்தகோஸ்து அன்று ஊருக்கும், வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் மாட்டிறைச்சிச் சூப்பும் ரொட்டியும் போட வேண்டும். நம்மூர் கோயில் திருவிழாவில் ஊருக்கே போடும் அசன விருந்து மாதிரியேதான். ஒரு வருடம்கூட நின்றதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள்.

யார் வீடு என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்கிறார்கள். சொந்த ஊர்க்காரனா, வாடகைக்கு வந்தவனா என்ற கேள்வியே இல்லை. எந்த வீட்டுப் புகைக்கூண்டில் புகை எழும்புகிறதோ அந்த வீட்டுப் பெயர் பெட்டியில் விழும். என் மனைவி மெட்டில்டா எந்நேரமும் எதையாவது வறுத்துக்கொண்டிருக்கிறவள். எங்கள் கூண்டில் புகைக்கு என்ன குறை?

தபால்காரர் லியோனெல்தான் சபைத் தலைவர். அவருடைய ஐந்து வயது மகள் சீட்டை எடுத்துக் கொடுக்க, அவர் பிரித்துப் படித்தார். ஏழாவது சீட்டு: கஸ்பார் கொரேயா. எங்கள் குடும்பப் பெயர் கொரைரா. எந்தக் காலத்திலோ ஒரு போர்த்துகீசியப் பாதிரியார் என் முப்பாட்டனுக்கு வைத்துவிட்டுப் போனது. இங்கே அதைக் கொரேயா என்று திருத்திக்கொண்டுவிட்டார்கள்.

நான் எழுந்து, இரண்டு கையையும் ஆட்டி, “ஐயோ, நானா, வேண்டாம் வேண்டாம்” என்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்வார்கள்? சட்டென்று வாங்கிக்கொண்டால் அலைகிறான் என்று நினைக்க மாட்டார்களா? லியோனெல் முகம் வாடிப்போய், அப்படியானால் வேறு சீட்டு எடுக்கட்டுமா என்று கேட்டார். அந்தப் பிள்ளை நிஜமாகவே பெட்டிக்குள் கையை விட்டுவிட்டது. நான் பாய்ந்து போய், இல்லை, சம்மதம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பேச்சுக்குச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வதா? என்ன மனிதர்களோ.

வீட்டில் வந்து சொன்னதும் மெட்டில்டா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “ஊருக்கே அசனம் போடணும்னு ஏத்துக்கிட்டு வந்துருக்கிய. நீங்க முட்டை அவிச்சாலே பாதி வெடிச்சுப் போவும்” என்றாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம். வெங்காயத்துக்கு அப்படிச் சிரிப்பு வராது.

ஏப்ரல் 23, செவ்வாய்

பக்கத்துத் தீவுக்குப் போய்வரும் படகின் இரண்டாவது எஞ்சினில் டீசல் கசிவு. காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

மதியம் துறைமுக ஆபீஸில் ஃபாத்திமா கூப்பிட்டாள். படகு, டீசல், ஆள் கணக்கு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். என் ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிகிறது, இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கலாமா என்று கேட்டாள். “எதுக்கு, வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் பேனாவை எடுத்து ‘விருப்பமில்லை’ என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இந்தப் படிவம் மே மாதக் கடைசிக் கப்பலில் தலைமையகத்துக்குப் போய்விடும் என்றாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

நல்லதாய்ப் போயிற்று. எனக்கு எதற்கு இந்த மழையும் மூடுபனியும்? சாயங்காலம் கூரையில் ஒழுகும் இடத்துக்கு ஓடு மாற்றினேன்.

ஏப்ரல் 27, சனி

படகோட்டி குவால்தெரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மெட்டில்டா ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். ஒரு தட்டு முடித்ததும் போதும் என்றார். விடுவேனா? ஊற்றினேன். வேண்டாம் வேண்டாம் என்றார். மறுபடியும் ஊற்றினேன். நெற்றியெல்லாம் வியர்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார். நல்ல மனிதர். இவர்களுக்கு விருந்து என்றால் என்னவென்று நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவர் போன பிறகு, பக்கத்து வீட்டு இதலினா வந்தாள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. ஒன்பது மாடு, ஒரு டிராக்டர், ஒரு நாக்கு. மூன்றுக்கும் ஓய்வு கிடையாது. பெந்தகோஸ்துக்கு ரொட்டியெல்லாம் தான் சுட்டுத் தருவதாகச் சொன்னாள். எதற்குச் சிரமம், வேண்டாம் என்றேன். மெட்டில்டாவும் உள்ளேயிருந்து, வேண்டாம்க்கா என்றாள். இதலினா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சரி என்று போய்விட்டாள்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மே 5, ஞாயிறு

மூன்றாவது வாரக் கிரீடம் குவால்தெர் வீட்டில். போய்ப் பார்த்தால் அடுப்பங்கரையில் கால் வைக்க இடமில்லை. பாலாடைக்கட்டி சக்கரம் சக்கரமாக, வைன் ஜாடி ஜாடியாக, ஒரு சாக்கு நிறையச் சேப்பங்கிழங்கு. ஆமாம், இந்த அட்லாண்டிக் நடுவிலும் சேப்பங்கிழங்குதான் இவர்களுக்கு உயிர். எல்லாம் ஊர் கொண்டுவந்து குவித்தது. குவால்தெர் ஒரு துரும்பைக்கூட வாங்கவில்லையாம். யாராவது எதையாவது நீட்டினால் “கொடு கொடு” என்று கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

திரும்பும்போது பழைய திமிங்கில வேட்டைக்காரர்களின் காவல் குடிசைப் பக்கம் உட்கார்ந்தோம். முன்பு அங்கே ஒருவர் உட்கார்ந்து, தூரத்தில் நீர் பீச்சுவதைக் கண்டால் வெடி போட்டு ஊருக்குச் சொல்வாராம். இப்போது அதே குடிசையிலிருந்து சுற்றுலாப் படகுகளுக்குத் தகவல் போகிறது. மெட்டில்டாதான் முதலில் பார்த்தாள். வெள்ளையாக ஒரு மூச்சு, பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. தாயும் குட்டியும். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். தூத்துக்குடியில் இவள் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

மே 13, திங்கள்

ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறேன்.

லியோனெல் விறகு தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். போய்விட்டார்.

மலைமேல் மாடு மேய்க்கும் ஹெர்மீனியோ, யாரோடும் சிரித்துப் பேசாதவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்து, சூப்புக்கு ஒரு காளைக்கன்று தருகிறேன் என்றார். கன்று என்றால் சும்மாவா? அவ்வளவு பெரிய கொடையை எடுத்த எடுப்பில் வாங்கினால் நம்மை என்ன நினைப்பார்? ஐயோ அதெல்லாம் வேண்டாம் என்றேன். மெட்டில்டா காப்பி எடுத்துவந்து வைப்பதற்குள், தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

குவால்தெர் மனைவி முட்டைக்கோஸ். குருவானவர் வைன். பள்ளிக்கூட டீச்சர் தட்டுகள். எல்லோருக்கும் மரியாதையாக ஒரு வேண்டாம். ஒருவர்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை.

“நம்மள ஒதுக்குதாவளோ?” என்றாள் மெட்டில்டா.

எனக்கும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா சம்பிரதாயத்துக்கு வந்து கேட்டுவிட்டு, தப்பித்தோம் என்று போகிறார்கள். வெளியூர்க்காரன் கையில் கிரீடம் போனது பிடிக்கவில்லை. வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். வலிக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

மே 18, சனி

மழை. விமானம் வரவில்லை. யாரும் வரவில்லை.

மே 22, புதன்

கடனாளி மாதிரி யார் கையையும் எதிர்பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்தோம். பெரிய தீவில் இறைச்சிக்கும் மாவுக்கும் சொல்லியாயிற்று. முப்பத்தோராம் தேதிக் கப்பலில் வரும்.

மெட்டில்டா சூப்பைச் செய்து பார்த்தாள். இறைச்சியோடு கோஸும் பட்டையும் போட்டுப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, தட்டில் ரொட்டித் துண்டு அடுக்கி, மேலே புதினா வைத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். மிளகாய் கிடையாது, மிளகு கிடையாது. கொஞ்சம் மிளகாவது போடேன் என்றேன். “சாமிக்குப் போடுத சோத்துல உங்க நாக்க நொழைக்காதிய” என்று கரண்டியைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் மூன்று தட்டுச் சாப்பிட்டேன்.

ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைக்கலாமே என்று திறந்தேன். உள்ளே விதை வெங்காயமும் முருங்கை விதையும் பரப்பி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, செப்டம்பரில் நட வேண்டும் என்றாள். செப்டம்பரில் நாம் எங்கே இருப்போம் என்று நான் கேட்கவில்லை.

மே 31, வெள்ளி

கப்பல் வரவில்லை.

காலையிலிருந்து துறைமுகத்தில் நின்றேன். அலை சுவர் உயரத்துக்கு எழும்பி, படகுத்துறையைத் தாண்டி விழுந்தது. பதினோரு மணிக்குக் கப்பல் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அங்கேயே ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அடுத்தது பதினாலாம் தேதிதான். பக்கத்துத் தீவுக் கடைகளும் இதே கப்பலைத்தான் நம்பியிருக்கின்றன. பெந்தகோஸ்து ஒன்பதாம் தேதி. லியோனெல் அனுப்ப முடியாத தபால் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருடம்கூட நிற்காத அசனம் கஸ்பார் கொரைரா வீட்டில் நிற்கப்போகிறது. பனிமய மாதாவே, வேறு வீடா கிடைக்கவில்லை?

ஜூன் 2, ஞாயிறு

கிரீடம் வந்துவிட்டது.

மேளமும் சிவப்புக் கொடியும் முன்னால் வர, ஊரே பின்னால் வந்தது. முன்னறையில் மெட்டில்டா தன் கல்யாணப் பட்டுப்புடவையை விரித்து, அதன்மேல் கிரீடத்தை வைத்தாள். பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்து, ஒருவரையொருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள். வேலியோரம் பூக்க ஆரம்பித்த நீல ஹைட்ராஞ்சியாவைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அறையையே நிறைத்துவிட்டார்கள். பூவுக்கு மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செபமாலைக்கு நாற்பது பேர். முடிந்ததும் எழுந்து போவார்கள் என்று பார்த்தால், உட்கார்ந்து பாடினார்கள், காப்பி குடித்தார்கள், இதலினா ஆடினாள். ஹெர்மீனியோகூட மூலையில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். இவ்வளவு பிரியமாக இருக்கிறவர்கள், அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் திரும்பியே பார்க்கவில்லை. அங்கே அரை மூட்டை மாவும் நான்கு கோஸும் இருக்கின்றன. இவர்களை எனக்குப் புரியவில்லை.

பொழுது சாயும்போது கடலிலிருந்து ககாரு பறவைகள் திரும்பின. கைக்குழந்தைகள் கூட்டமாக அடம் பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வந்த புதிதில் அதைக் கேட்டுப் பயந்திருக்கிறேன். இப்போது அது கேட்காவிட்டால் சாயங்காலமே ஆகவில்லை போலிருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

காலையில் நானும் குவால்தெரும் எஞ்சின் அறையில் ஆயில் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தோம். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினேன். வேண்டாம் என்றார். ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார். இரண்டாவது கப். வேண்டாம் என்றார், ஊற்றினேன். மூன்றாவதுக்குப் பிளாஸ்கைச் சாய்த்தபோது, கப்பைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டார். அவர் பேசியது போர்த்துகீசில்தான். ஆனால் அவர் பேசுகிற தோரணையைத் தூத்துக்குடித் தமிழில் எழுதினால்தான் எனக்குச் சரியாக வருகிறது.

“கஸ்பாரு, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீரும். நான் வேண்டாம்னு சொன்னா உமக்குக் காது கேக்காதா?”

கேட்கும் என்றேன்.

“பொறவு ஏன் வே ஊத்துதீரு? எனக்கு வயித்துப்புண்ணு. உம்ம வீட்டு மீன்கொழம்பத் தின்னுட்டு மூணு நாளு பாலும் ரொட்டியுமா கெடந்தேன்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் முதல் தடவை எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அது மரியாதை, மூன்றாவது தடவையும் சொன்னால்தான் அது நிஜ வேண்டாம் என்று விளக்கினேன். குவால்தெர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“அப்பம் இதலினா ரொட்டி தாரேன்னப்ப நீரு வேண்டாம்னது?”

“ஒரு பேச்சுக்கு.”

“ஹெர்மீனியோ கன்னுக்குட்டி?”

“அதுவும் ஒரு பேச்சுக்குத்தான்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான் விஷயம். இந்தத் தீவில் ஒருவன் பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தால், ‘யார் உதவியும் இல்லாமல் நானே அசனம் போடுகிறேன்’ என்று நேர்ந்துகொள்வதுண்டாம். அப்படி நேர்ந்தவன் யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பான். அந்த நேர்ச்சையில் கை வைப்பது பாவம். இரண்டாம் தடவை கேட்பதே தப்பு.

“ஊரே உமக்கு நேர்ச்சைன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. நடுக்கடல்ல கப்பல் முங்கித் தப்பிச்சீரு போலன்னு ஒருத்தி. பொஞ்சாதி சீக்குல கெடந்து பொழச்சிருக்கணும்னு இன்னொருத்தி. கப்பல் வராத அன்னைக்கு லியோனெல் வீட்டுல போயி அழுதாருவே. கண்ணுக்கு முன்னால ஒரு மனுசன் தவிக்காரு, கை குடுக்க முடியலயேன்னு.”

ஆறு வாரம். ஆறு வாரமாக நான் இவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இவர்கள் எனக்காகச் செபித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குவால்தெர் ஆயில் துணியை நீட்டினார். முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மெட்டில்டாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம்தான். உடனே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். “வாங்க. வீடு வீடாப் போயி வேணும்னு சொல்லணும்.” ஆளனுப்பிச் சொன்னால் போதாதா, நாமே போய்க் கேட்பது ஒரு மாதிரி இருக்குமே என்று இழுத்தேன். “வேண்டாம்னு சொல்லுதப்ப இனிச்சுச்சுல்லா, வேணும்னு சொல்லவும் பழகுங்க” என்றாள்.

முதலில் இதலினா வீடு. கதவைத் திறந்ததும், ரொட்டி வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அவள் உள்ளே போய், ஒரு திரையை விலக்கிக் காட்டினாள். மாவு மூட்டை ஐந்து. நேர்ச்சைக்காரர் மனது மாறினால் வேண்டியிருக்குமே என்று ஏப்ரலிலேயே எடுத்து வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு முழுசாகக் கால் மணி நேரம் என்னைத் திட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

லியோனெல் வீட்டு விறகு வெட்டி அடுக்கியபடியே இருந்தது. குவால்தெர் தோட்டத்துக் கோஸ் முற்றிப்போய்க் காத்திருந்தது. கடைசியாக மலையேறி ஹெர்மீனியோ வீட்டுக்குப் போனோம். மூடுபனியில் அவர் வேலியோரம் நின்றார். பக்கத்தில் அந்தக் கன்று, கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு.

கன்று வேண்டும் ஐயா என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். “தூய ஆவிக்குன்னு கட்டுன ரிப்பன அவுக்க எனக்கு மனசு வரல” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஜூன் 8, சனி

எழுத நேரமில்லை. வாசலில் பதினாறு பேர் கோஸ் நறுக்குகிறார்கள். என்னை அடுப்பருகே விட வேண்டாம் என்று மெட்டில்டா ஊருக்கே உத்தரவு போட்டிருக்கிறாள். அது நிஜ வேண்டாம்.

ஜூன் 9, பெந்தகோஸ்து ஞாயிறு

கோயிலில் குருவானவர் அந்த வெள்ளிக் கிரீடத்தை என் தலையில் வைத்தார். எஞ்சின் கிரீஸ் போகாத நகங்களோடு, இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றேன். நான் நினைத்ததைவிடக் கனம். கழுத்தை அசைக்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் மெட்டில்டா பட்டுப்புடவையில். மீன்வலை உலர்த்துகிற வாடையில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்? அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் ஊரே பார்த்தது.

வெளியே நீண்ட மேசைகள். முந்நூறுக்கு மேல் ஆட்கள். பக்கத்துத் தீவிலிருந்து குவால்தெர் இரண்டு நடை ஏற்றிவந்தார். வழி தவறி வந்த இரண்டு ஜெர்மன் மலையேறிகளும் உட்கார்ந்தார்கள், யார் நீ என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. சூப்பை ஊற்றியதும் ரொட்டி ஊறி, புதினா மணம் எழுந்து தெரு முழுக்கப் பரவியது. மிளகு இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது.

நான் சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனேன். இனிமேல் ஒரு தடவைதான் கேட்பது என்று சபதம் எடுத்திருந்தேன். முதல் மேசையில் ஹெர்மீனியோ. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்றேன்.

“வேண்டாம்” என்றார். தமிழில்.

சரி என்று நகர்ந்தேன். என் கோட்டைப் பிடித்து இழுத்தார். “என்ன வே, போறீரு? இன்னும் ரெண்டு தடவ கேக்கணும்லா?”

நிமிர்ந்து பார்த்தால், மேசை முழுக்க வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறது. அடுத்த மேசையில் இதலினா தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, “வேண்டாம் வேண்டாம்” என்றாள். அதற்கடுத்து லியோனெல், அவர் மகள், குருவானவர் வரைக்கும் தட்டை மறைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறார்கள். என்னிடம் கேட்டுப் பழகிய அந்த ஒரே தமிழ் வார்த்தையைக் குவால்தெர் காலையிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரிடமும் மூன்று மூன்று தடவை கெஞ்சி ஊற்றினேன். பொந்தா நோவாவில் இப்படி ஒரு பந்தி நடந்திருக்காது. குவால்தெர் மட்டும் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றார். அவருக்கு ஊற்றவில்லை.

மிஞ்சியதை எல்லாம் நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்கு அனுப்பினோம். பானைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மெட்டில்டா காலை நீட்டி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“இந்த வருசம் ஊருக்குப் போகணுமா?” என்று கேட்டாள்.

“படிவம் போயிருக்கும்” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. அவளுக்கும் தெரியும்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று விடுமுறை. இன்று துறைமுக ஆபீஸ் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே போய் வாசலில் நின்றேன். ஃபாத்திமா சாவியோடு வந்தாள். அவள் விளக்கைப் போடுவதற்குள், அந்தப் படிவம் போய்விட்டதா என்று கேட்டேன்.

போகவில்லை. முப்பத்தோராம் தேதிக் கப்பலில் போக வேண்டியது, கப்பல்தான் கரைக்கே வரவில்லையே. தபால் மூட்டை லியோனெல் வீட்டில் அப்படியே கிடக்கிறதாம். என் இறைச்சியைக் கொண்டுவராததற்காக அந்தக் கப்பலை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இப்போது அதன் ஆயுளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் போலிருக்கிறது.

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்.

“இன்னும் மூணு வருசம் இங்க இருக்க விருப்பமா?”

“விருப்பம்” என்றேன்.

பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. அவள் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, என்ன தாமதம் என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“உங்க வழக்கப்படி இன்னும் ரெண்டு தடவ கேக்கணும்லா” என்றாள் ஃபாத்திமா.

“வேண்டாம்” என்றேன். “இந்த ஒரு ‘வேண்டாம்’ மட்டும் அப்படியே எடுத்துக்கோம்மா.”

அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் இதலினா தன் வாசலில் நின்று, முருங்கை நட இடம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.